தறிச் சத்தத்தில் தொடங்குவோம்: மின்னணு இசையின் வரலாற்றைக் கையால் கற்க ஒரு வழி

மின்னணு இசையின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஹவுஸ், டெக்னோ, டப், ஆசிட், ஜங்கிள், டப்ஸ்டெப் என்று வகை வகையாக, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பாட்டு. நானும் அப்படித்தான் கேட்டுப் பார்த்தேன். பெயர்கள் மனதில் தங்கின, காது பழையபடியே இருந்தது. அப்புறம் ஒரு நாள் கோவை மாவட்டத்துச் சோமனூர்ப் பக்கம் எங்கள் மாமாவின் விசைத்தறிக் குடோனில் போனை வைத்துத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து அதை வெட்டி ஒட்டிப் பார்த்தபோதுதான் எல்லாம் பிடிபட ஆரம்பித்தது. அதனால் என் யோசனை இதுதான்: வரலாறு நடந்த வரிசையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சின்ன வேலையை நீங்களே செய்யுங்கள், செய்து முடித்த பிறகு அந்தக் காலத்துப் பதிவைக் கேளுங்கள். முன்னாலேயே கேட்காதீர்கள்.

தேவைப்படுவது ஒரு போன், கம்பி வைத்த இயர்போன், பழைய லேப்டாப் இருந்தால் அது. லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். பிற்பாடு சர்ஜ் எக்ஸ்டி என்ற இன்னொரு இலவச மென்பொருள், அது ஒரு சிந்தசைசர், அதாவது சத்தத்தைப் பதிவு செய்யாமல் தானே உண்டாக்கும் கருவி. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

சரி, முதல் வேலை பதிவு. 1948-ல் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர் ரயில் நிலையத்துக்குப் போய் என்ஜின், விசில், சக்கரச் சத்தங்களைப் பதிவு செய்து, அவற்றை மட்டுமே வைத்து ஓர் இசைத்துண்டு செய்தார். அப்போது அவர் கையில் டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதே இடத்தில் சுற்றிச் சுற்றி ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பத் தரும். இன்றைக்கு எல்லோரும் லூப் என்கிறார்களே, அது அங்கே இருக்கிறது. ஆனால் அவருக்கு நான்கு வருடம் முன்பே, 1944-ல், கெய்ரோவில் ஹலிம் எல்-டப் என்ற இளைஞர் கம்பியில் பதிவு செய்யும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போய், பேயோட்டும் சடங்கு ஒன்றில் பெண்கள் பாடியதைப் பதிவு செய்து, எதிரொலியும் வடிகட்டலும் சேர்த்து வேறொன்றாக மாற்றியிருந்தார். இந்த வரலாற்றை ஐரோப்பாவின் சொத்தாகச் சொல்பவர்கள் அவரை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

நம் பக்கத்தில் ரயிலைத் தேடிப் போக வேண்டியதில்லை. சோமனூர், பல்லடம், சூலூர் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு தறி கிடைக்கும். நாடா (ஊடை நூலைச் சுமந்துகொண்டு இரண்டு பக்கமும் பறக்கும் கட்டை) போட்ட சாதாத் தறியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், புது ஆட்டோ தறியின் சத்தம் வேறு. நான் முதல் தடவை தறிக்கு ஒட்டினாற்போல் போனை நீட்டிவிட்டேன், வீட்டில் திறந்து பார்த்தால் அலை முழுக்கச் செங்கல் அடுக்கினது போல மேலும் கீழும் தட்டையாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதை எதுவும் செய்ய முடியாது. வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்று எடுங்கள், வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகச் சேமியுங்கள், இரண்டு நிமிடம் போதும். அப்புறம் காதில் பஞ்சோ அடைப்பானோ வைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரே ஒரு தறிக்கு முன்னால் நின்று கவனியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து அடி விழுகிறது (பிக்கிங் என்பார்கள்), நாடா பறக்கிறது, அச்சு முன்னால் வந்து ஊடை நூலை நெருக்குகிறது, அடுத்த அடி மறுபக்கத்திலிருந்து. இடம், வலம், இடம், வலம். நான் கடிகாரம் பார்த்து எண்ணிய தறி நிமிடத்துக்கு 124 அடி அடித்தது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஓர் அடியை மட்டும், சரியாக ஒன்றை மட்டும், வெட்டி எடுங்கள். திருப்பி ஓட விடுங்கள். பாதி வேகத்தில் ஓட விடுங்கள், சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். கால் வேகத்தில் அது தறி மாதிரியே இருக்காது, பெரிய மரக்கதவை யாரோ இழுத்துச் சாத்துவது போல இருக்கும். அடுத்து ஒரு கோயில் மணியைப் பதிவு செய்யுங்கள். மணியில் நாக்கு படும் அந்த முதல் கணத்தை மட்டும் அழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள். மணி காணாமல் போய்க் குழல் போல ஒன்று மிஞ்சும். ஷேஃபரும் இதைத்தான் செய்தார். ஒரு சத்தத்தின் அடையாளம் அதன் தொடக்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை.

இந்தக் கட்டத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மாமாவின் குடோனில் 16 தறி. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், அதனால் வேகம் மயிரிழை முன்னே பின்னே. கொஞ்ச நேரம் நின்று கேட்டால் பக்கத்துப் பக்கத்துத் தறிகள் இரண்டும் சேர்ந்து அடிக்கும், மெல்ல விலகும், ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று விழுந்து இரண்டு மடங்கு வேகம் போலக் கேட்கும், மறுபடி வந்து சேரும். சின்ன வயதிலிருந்து இந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்திருக்கிறேன். 1965-ல் ஸ்டீவ் ரைக் அமெரிக்காவில் ஒரு பிரசங்கியின் குரலை இரண்டு டேப் லூப்பில் ஓட விட்டபோது, கருவிகளின் வேக வித்தியாசத்தால் அவை விலகிப் போக, அந்த விலகலையே இசையாக வைத்துக்கொண்டார். ஆடாசிட்டியில் அரை நொடி நீளத் தறி லூப்பை இரண்டு வரிசையில் போடுங்கள், ஒன்றின் வேகத்தை 1 சதவீதம் மட்டும் கூட்டுங்கள். சுமார் 50 நொடியில் இரண்டும் பிரிந்து ஒரு சுற்றுச் சுற்றிச் சேரும். அரை சதவீதம் என்றால் 100 நொடி. கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேளுங்கள்.

பாதி வேகத்தில் ஓட விட்ட தறிக் கோப்பை மாமாவிடம் போட்டுக் காட்டினேன். இயர்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டவர், "இது அந்த ஓரத்துத் தறியாட்ட இருக்குதுங்க மாப்ள, அதுலதான் பிக்கிங் அடி இப்படி விழும்" என்றார். பாதி வேகத்தில் வைத்துமே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்தது நேர் எதிர்த் திசை. வெளியிலிருந்து சத்தத்தை எடுக்காமல் மின்சாரத்திலிருந்தே உண்டாக்குவது. இதற்குப் பழைய சாட்சி உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்வதால் கேட்பது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். ராத்திரி தறியெல்லாம் நின்ற பிறகு கேட்டால் நன்றாகத் தெரியும். ஆடாசிட்டியின் ஜெனரேட் மெனுவில் டோன் என்று இருக்கும், 110 ஹெர்ட்ஸ் சைன் அலை (கலப்பில்லாத ஒற்றைச் சுருதி) ஒன்று போடுங்கள், அடுத்த வரிசையில் 112. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓர் அலை கேட்கும். தம்பூரா சுருதி சேர்ப்பவர்கள் அந்த அலை அடங்கும் வரை பிருடையைத் திருகுவார்கள். இப்போது 220, 330, 440 என்று சேர்த்துக்கொண்டே போங்கள், ஒவ்வொன்றையும் முந்தையதைவிடச் சன்னமாக. தனித்தனி அலைகள் கலந்து ஒரே குரலாக மாறும் இடம் ஒன்று வரும்.

இந்த எண்ணத்தை வைத்து தாடியஸ் கேஹில் என்பவர் 1897-லேயே காப்புரிமை வாங்கி, டெல்ஹார்மோனியம் என்று சுமார் 200 டன் எடையில் ஒரு கருவியை நியூயார்க்கில் நிறுத்தித் தொலைபேசிக் கம்பி வழியாக இசையை அனுப்பினார். 1920 வாக்கில் ரஷ்யாவில் லியோன் தெரமின் கையால் தொடாமலே வாசிக்கும் கருவி செய்தார், காற்றில் கையை நகர்த்தினால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் 1951-ல் தொடங்கிய ஸ்டுடியோவில் ஸ்டாக்ஹவுசன் 1953-ல் சைன் அலைகளை மட்டுமே அடுக்கி ஒரு படைப்பைச் செய்தார். நான்கு அலை அடுக்குவதற்கே நமக்கு அரைமணி நேரம் ஆகிறது, அவர்கள் ஒவ்வொன்றையும் டேப்பில் எடுத்து எடுத்துச் சேர்த்தார்கள். லண்டனில் பிபிசியின் பட்டறையில் டீலியா டெர்பிஷைர் 1963-ல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை ஒவ்வொரு ஸ்வரமாக டேப்பை வெட்டி ஒட்டியே முடித்தார். இந்த வலியைக் கொஞ்சமாவது பட்டுப் பார்த்தால்தான் அடுத்து வந்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அடுத்து வந்தது 1964-ல் ராபர்ட் மூக் செய்த சிந்தசைசர். ஒரு கீயை அழுத்தினால் ஒரு மின்னழுத்தம் போகிறது, அந்த அழுத்தமே சுருதியையும் வடிகட்டியையும் ஒலி அளவையும் இழுத்துப் பிடிக்கிறது. வெட்டி ஒட்ட வேண்டியதில்லை, வாசிக்கலாம். ஜெனரேட் மெனுவில் நாய்ஸ் (வெறும் இரைச்சல்) எடுத்து, அதை எட்டுத் துண்டாக வெட்டி, லோ பாஸ் ஃபில்டரை (ஓர் எல்லைக்கு மேலான சுருதிகளை வடிகட்டிவிடுவது) ஒவ்வொரு துண்டுக்கும் 300, 500, 900, 1500 ஹெர்ட்ஸ் என்று ஏற்றி, பிறகு இறக்குங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தென்னை மரங்களைப் பிடித்து உலுக்கும் காற்று அப்படியே வரும். ராபர்ட் மூக்கின் கருவி இதையே ஒரு குமிழைத் திருப்பி வழுவழுவென்று செய்தது.

இந்தக் கருவி இந்தியாவுக்கு எப்போது வந்தது என்று பலருக்கும் தெரியாது. 1969-லேயே வந்துவிட்டது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். பிறகு அந்த டேப்புகள் ஆவண அறையிலேயே பல வருடம் கிடந்தன, 2023-ல்தான் தொகுப்பாக வெளிவந்தன. இந்தக் கட்டத்தை முடித்ததும் கட்டாயம் தேடிக் கேளுங்கள். நாம் இந்த இசைக்குக் கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் என்ற நினைப்பு எனக்கு அன்றோடு போனது.

இனி மேளம். ஜெனரேட் மெனுவில் சிர்ப் என்று ஒன்று இருக்கும், ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் சத்தம் அது. தொடக்கம் 160 ஹெர்ட்ஸ், முடிவு 45, ஒலி அளவு 0.8-லிருந்து 0, நீளம் 0.3 நொடி. ஓட விடுங்கள். தும் என்று விழும். அதற்குப் பின்னால் 0.2 நொடி அமைதியைச் சேர்த்து, மொத்த அரை நொடியையும் தேர்ந்தெடுத்து ரிப்பீட்டில் 31 முறை கொடுங்கள். 16 நொடி நீளத்துக்கு, நிமிடத்துக்கு 120 அடி வீதம் ஓடும் ஒரு நடை உங்கள் கையில் இருக்கிறது. 1980-ல் ரோலண்ட் நிறுவனம் விற்பனைக்கு விட்ட டிஆர்-808 கருவியின் அடிமேளமும் இந்த வகைதான், பதிவு செய்த மேளம் அதில் கிடையாது, ஒரு சின்னச் சுற்றை மின்சாரத்தால் தட்டிவிட்டு அது அடங்குவதைத்தான் கேட்கிறோம். நிஜ டிரம்ஸ் போல இல்லை என்று அப்போது குறை சொன்னார்கள். சுமார் 12,000 கருவிதான் விற்றது, 1983-ல் நிறுத்திவிட்டார்கள். அதில் கேட்கும் சீறல் சத்தத்துக்குக் காரணமே, தரப் பரிசோதனையில் கழித்த டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டதுதான். திருப்பூரில் செகண்ட்ஸ் பனியன் வாங்கி உடுத்தி வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் இந்த வரலாற்றின் நடுநரம்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். விலை போகாமல் செகண்ட்ஹேண்டு கடைக்கு வந்த கருவியை, காசில்லாத பிள்ளைகள் வாங்கி, செய்தவன் நினைக்காத வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். டிபி-303 என்ற இன்னொரு ரோலண்ட் கருவி தனியாக கிடார் பழகுபவருக்குப் பக்கத்துணையாக பேஸ் (கீழ்ச்சுருதி) வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது. பேஸ் கிடார் மாதிரி அது கேட்கவே இல்லை, 1984-ல் நிறுத்தினார்கள். சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதை மலிவாக வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகித் திருகி 1987-ல் வெளியிட்ட பதிவிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் வருகிறது. அதே நகரத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிய வேர்ஹவுஸ் கிளப்பிலிருந்துதான் ஹவுஸ் என்ற பெயரே வந்ததாகச் சொல்வார்கள். கார் ஆலைகளின் ஊரான டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்கள் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவைக் கேட்டு வளர்ந்து டெக்னோவைக் கட்டினார்கள்.

அந்த ஆசிட் ஹவுஸ் பதிவுக்கு முன்பே பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் இதே 808, இதே 303 இரண்டையும் ஒரு சிந்தசைசரோடு சேர்த்து வைத்துப் பத்து ராகங்களை வாசித்து 1982-ல் பதிவு செய்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, 2010-ல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் வாசித்த பூபாளி நமக்கு மோகனம், யமன் நமக்குக் கல்யாணி, மால்கௌன்ஸ் இந்தோளம். 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஸ்லைடு உண்டு, கேட்டால் கர்நாடக இசையின் ஜாரு மாதிரியே இருக்கும். சர்ஜ் எக்ஸ்டியில் சா (ரம்பப் பல் வடிவ) அலை ஒன்று, லோ பாஸ் ஃபில்டர், ரெசனன்ஸ் (வடிகட்டும் எல்லையில் ஒலியைத் தூக்கிக் காட்டுவது) மேலே, போர்ட்டமெண்டோ (அந்த ஸ்லைடுதான்) கொஞ்சம். மோகனத்தின் ச ரி க ப த மட்டும் வைத்து 16 ஸ்வரம் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே கட்ஆஃபை (ஃபில்டர் வடிகட்டும் எல்லையை) மெதுவாக ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் விடாமல் செய்தால்தான் இதில் என்ன இருக்கிறது என்று தெரியும், அரை நிமிடத்தில் நிறுத்தினால் வெறும் கீச்சல்.

கொஞ்சம் பின்னால் போய் ஜமைக்காவின் கிங் டப்பியையும் பார்த்துவிடுங்கள். ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுது பார்த்தவர், டிரான்ஸ்பார்மர் சுற்றியவர், சொந்தமாக ஸ்பீக்கர் செட்டு வைத்திருந்தவர். நம் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையும் சவுண்ட் சர்வீஸும் ஒருவரே நடத்துவது போல வைத்துக்கொள்ளுங்கள். 1970-களின் தொடக்கத்தில் முடிந்த பாட்டுகளை எடுத்து, குரலைத் திடீரென்று அணைத்து, மேளத்தை மட்டும் விட்டு, ஓர் அடியை எதிரொலிக்குள் தள்ளி டப் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்றைய ரீமிக்ஸ் அந்த மேசையிலிருந்துதான். நீங்களும் உங்கள் தறி, சுருதி அலை, மேளம் மூன்றையும் தனி வரிசையில் ஓட விட்டு, மியூட் பொத்தானை மட்டும் வாத்தியமாக வைத்து வாசித்துப் பாருங்கள். எதைச் சேர்ப்பது என்று யோசித்த எனக்கு, எதை எடுப்பது என்று இந்தப் பயிற்சிதான் காட்டியது.

மிடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983-ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் காகேஹாஷியும் முன்னின்று, எந்த நிறுவனக் கருவியும் எதோடும் பேசலாம் என்று பொதுவாக வைத்த மொழி அது. அதன் பிறகுதான் கணினி இசைக்குள் இயல்பாக நுழைந்தது, தமிழில் 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியை வைத்து இசையமைத்தார். ஆனால் மிடி பியானோவைப் பார்த்துச் செய்த மொழி, 128 படி, ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டை. கமகம் படிக்கு நடுவில் இருக்கிறது. பிட்ச் பெண்டை (சுருதியை வளைக்கும் கட்டளை) வளைவாக வரைந்து கல்யாணியின் ஒரு பிடியையாவது கொண்டுவர முயலுங்கள், மணிக்கணக்கில் ஆகும், ஆனாலும் செய்யுங்கள். நம் ஊர்க்காரர் இந்த இசையில் செய்ய வேண்டிய வேலை அங்கே நிறைய மிச்சம் இருக்கிறது.

கடைசிக் கட்டம் சாம்பிளிங், அதாவது ஏற்கெனவே பதிவான இசையிலிருந்து துண்டு வெட்டிப் புதுப் பாட்டில் வைப்பது. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் ஏழு நொடி நீள டிரம்ஸ் துண்டு ஒன்றை வெட்டி, வேகம் கூட்டி, வரிசை மாற்றித்தான் 1990-களின் ஜங்கிள் இசையின் பெரும்பகுதி எழுந்தது. ஆயிரக்கணக்கான பாட்டில் அந்தத் துண்டு இருக்கிறது. வாசித்தவருக்கு அதிலிருந்து ஒன்றும் வந்து சேரவில்லை, 2006-ல் வறுமையில் இறந்துபோனார். இதை மனதில் வைத்துக்கொண்டு மாரியம்மன் நோம்பிக்குப் போங்கள். கம்பத்தைச் சுற்றி ஆடும்போது துடும்பு மேளம் அடிப்பவர்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள். "அண்ணா, கொஞ்சம் பதிவு பண்ணிக்கட்டுங்களா, பாட்டுல வெச்சுக்கறேனுங்க" என்று கேட்டால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் தனியாகவே அடித்துக் காட்டுவார்கள், எனக்குக் காட்டினார்கள். அவர்கள் பெயரையும் குழுவின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், பாட்டு வெளியிடும்போது போடுங்கள், காசு வந்தால் பங்கு கொடுங்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

துடும்பின் நான்கு அடியை வெட்டி, 1 2 3 4 என்பதை 1 3 3 2 என்றோ 4 1 2 2 என்றோ மாற்றி அடுக்குங்கள். எல்லா வரிசையையும் 124-க்கு இழுத்துச் சேருங்கள், அதாவது ஓர் அடிக்கு 0.484 நொடி, முன்னால் செய்த மேளத்தையும் அதே கணக்கில் திரும்பச் செய்துகொள்ளுங்கள். அடியில் சிர்ப் மேளம், மேலே தறி, நடுவில் மோகனம், அவ்வப்போது துடும்பு. ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120-க்கும் 130-க்கும் நடுவில்தான் ஓடும், எங்கள் மாமாவின் தறியும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

கோப்பை வேவாக ஏற்றுமதி செய்து, வெட்டாத மூலப் பதிவுகளைத் தேதியும் இடமும் போட்டுத் தனியாக வையுங்கள். சாதாத் தறிகளை எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மாமா நான்கைப் போட்டுவிட்டார், அந்த ஓரத்துத் தறி இன்னும் இருக்கிறது, அடுத்த வாரம் நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போகிறேன்.